எந்த பேண்டு பெருசு

சாமல்பட்டி வெங்கடம்மாளுக்கு, மூக்கண்டப்பள்ளியிலிருந்து உன் வீட்டுக்காரன் மாரப்பன் சொல்லச் சொல்ல எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா? போன்ல உனக்குக் காது கேக்கல, அதான் கடுதாசி.

நான் வாட்ச்மேனா இருக்கிற கம்பெனிப் பசங்க ரூம்ல ஞாயித்துக்கிழமை ஒரே தகராறு. அமெரிக்காவுல எந்த ராக் பேண்டு, அதான் இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டி, பெருசுன்னு. ஹரீஷ் மெட்டாலிகாங்கிறான், ராஜ்குமார் ஈகிள்ஸ்ங்கிறான். எட்டு மாசமா காதுல விழுந்த பாட்டு, எது எவங்களுதுன்னு எனக்கு அத்துப்படி. தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிடுவாங்கன்னு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். அவனுங்க கேண்டீன் ரசூலைக் கூப்பிட்டு, "பாய், நீங்க பெங்களூர்ல இருந்தவரு, தீர்ப்பு சொல்லுங்க"ன்னானுங்க. அவரு தாடியத் தடவிக்கிட்டு, "க்வீன்"னாரு. ரெண்டு பக்கமும் சமாதானமாகிக் கை தட்டுனாங்க.

"டேய் ஹரீஷ், டேங்க் கழுவுன அன்னிக்கு க்வீன் லண்டன் பேண்டுன்னு நீதானேடா சொன்னே?"ன்னேன்.

"அட, ஆமா தாத்தா"ன்னான். அப்புறம் மறுபடி அவருகிட்டயே திரும்பி, "பாய், வேற சொல்லுங்க"ங்கிறான்! நான் சேரைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

இதை எழுதுறதும் அந்த ரசூல்தான், எனக்குத்தான் எழுத்து வராதே. சிரிக்காம எழுதுங்க பாய்.

ராகி மாவும் எள்ளுருண்டையும் பஸ்ல குடுத்து விடு. போன தடவை மாதிரி இவருக்குன்னு தனிப் பொட்டலம் கட்டாதே. ஷிஃப்டு சங்கு ஊதிருச்சு, கேட்டுக்குப் போகணும். பதில் எழுதறப்ப எந்த பேண்டு பெருசுன்னு நீயாவது என்னைக் கேளு.