பச்சைக் கார் விற்ற வாரம்

12 நவம்பர், செவ்வாய்

காலையிலேருந்து சிங்கப்பூர் பூரா மழை. ஆங் மோ கியோவுல என் கார் ஷெட்டுல அதே மூலையில ஒழுகுது. பக்கெட் வச்சாச்சு. கட்டட ஓனருக்கு மறுபடியும் மெசேஜ். நீல டிக் விழுது, பதில்தான் வரல.

முதுகு வலி. ஐம்பது தாண்டியும் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கற பொழப்பு. பழைய காரை வாங்கி, புதுசாக்கி, வித்து இந்த ஸ்டெல்லா கொழிக்கறாள்னு எல்லாருக்கும் நினைப்பு. என் வீட்டுக்காரர் சேவியர் பஸ் ஓட்டற சம்பளம் வரலைன்னா வீட்ல அடுப்பு எரியாதுன்னு யாருக்குத் தெரியும்.

ஒரு நல்ல சேதி. பச்சை முடிஞ்சது. அறுபதுகள்ல வந்த இங்கிலீஷ் கார், ஒரு வருஷத்துக்கு மேல உயிரை வாங்கிடுச்சு. இப்ப பச்சை இல்ல, க்ரீம். ஃபேக்டரியிலேருந்து வந்த கலர் அதுதான், அதுக்குத்தான் விலை. இருந்தாலும் எனக்கும் மெக்கானிக் முருகேசனுக்கும் அது பச்சைதான். மு. பாலிஷ் துணியை உதறிட்டு, "மேடம், இது போச்சுன்னா எனக்கு ஊருக்கு டிக்கெட்." ரெண்டு தீபாவளி துவாஸ்ல தொழிலாளர் டார்மிட்டரியிலயே போயிடுச்சாம். சரின்னு சொல்லியிருக்கேன்.

நாளைக்கு: பேட்டரி. இன்ஸ்பெக்‌ஷன். கார் கேட்ட டாக்டருக்கு போட்டோ. சேவியர் மூக்குக் கண்ணாடி (மறக்காதே!!).

13 நவம்பர், புதன்

டாக்டர் போன். கார் வாங்கறவர். தொண்ணூறாயிரம் டாலருக்கு ஒத்துக்கிட்டார், பேரமே இல்ல. ஆனா ஒண்ணு. "ஹிஸ்டரி" வேணுமாம்.

இந்த வியாபாரமே அப்படித்தான். பாதி விலை காருக்கு, மீதி கதைக்கு. யார் வாங்கினாங்க, எந்தக் கல்யாணத்துக்குப் போச்சு, போட்டோ இருக்கா. ஒரே குடும்பம் கடைசி வரைக்கும் வச்சிருந்த வண்டின்னா மவுசே தனி. அதையும் நானேதான் பெருமையா எடுத்து விட்டேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இப்ப வண்டியை எனக்கு வித்த அம்மாவை நேர்ல பாக்கணுமாம், சனிக்கிழமை, காரோட.

அந்த அம்மான்னா மெர்சி அக்கா. நம்ம சர்ச்தான். ஞாயித்துக்கிழமை பூசையில எனக்கு முன்னாடி பெஞ்ச். அவங்க வீட்டுக்காரர் ஜோசப் அண்ணன் இறந்தப்புறம், கார்பார்க்குக்கும் ரோடு டாக்ஸுக்கும் கட்டி மாளலைன்னு வித்தாங்க. ஒன்பதாயிரம் கொடுத்தேன். ஸ்க்ராப் கடைக்காரன் அதுல பாதிதான் சொன்னான். நான் யாரையும் ஏமாத்தல. அடியெல்லாம் துரு, உள்ள உக்காந்தா ரோடு தெரியும். கொட்டின காசுக்கும் கணக்கிருக்கு.

ஆனா தொண்ணூறுன்னு அக்கா காதுல விழுந்தா? ஒன்பது எங்க, தொண்ணூறு எங்க. கணக்கை யார் கேப்பாங்க. பூசை முடிஞ்சு காபி குடிக்கறதுக்குள்ள சர்ச் பூரா தெரிஞ்சிடும். விதவைகிட்ட அடிச்சுப் பிடுங்கினவள்னு பேரு.

சேவியர்: "நேரா சொல்லிடு லா. வியாபாரம்னா லாபம் இல்லாமயா?" சுலபமா சொல்லிட்டார். அக்காவோட முகத்தைப் பாத்து அவரா சொல்லப் போறார்.

14 நவம்பர், வியாழன்

தேக்கா மார்க்கெட். கூட்டம் தாங்கல, குடையால ஒருத்தி கண்ணைக் குத்தப் பாத்தா. மட்டன் அரைக் கிலோ. மு. கேட்ட எலுமிச்சை (டயருக்கு அடியில வைக்க. நான் கத்தோலிக்கக்காரி, என் ஷெட்டுலயான்னு கேட்டேன். "கார் எந்த சர்ச்சுக்கும் போகலையே மேடம்"ங்கறான்). அக்காவுக்கு மைசூர்பாக்.

அங்கேருந்து கிளமெண்டியில அக்கா வீடு. அக்கா கதவைத் திறந்ததும் ஒரே சந்தோஷம். "நம்ம வண்டி ஓடுதா? நெசமாவா? நான் ஏறி உக்காரலாமா?" விலையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஒரு டாக்டர் வாங்கறார், உங்ககிட்ட கதை கேக்கணும்ங்கறார்னேன். "கதைக்கு என்னடி பஞ்சம், நாள் பூரா சொல்றேன்." என்ன புடவை கட்டறதுன்னு என்னையே கேட்டாங்க. சீன்னு ஆயிடுச்சு எனக்கு.

லிஃப்ட்ல இறங்கும்போதே டாக்டருக்கு மெசேஜ்: அந்த அம்மா முன்னாடி விலை பேச வேண்டாம். உடனே கட்டைவிரல் படம் வந்தது.

சேவியர் கண்ணாடி மறந்தாச்சு.

16 நவம்பர், சனி

கை ஓயுது. இருந்தாலும் எழுதிடறேன்.

அக்காவை வேன்ல கூட்டிட்டு வந்தேன். அரக்கு பட்டு, தலையில மல்லிகை, கையில பழைய ஆல்பம். டாக்டர் முன்னாடியே வந்து காரைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தார். அக்கா ஆல்பத்தை அவர்கிட்ட கொடுத்துட்டு, காரைத் தாண்டிப் போய் ஷெட்டுக்குள்ள எட்டிப் பாத்தாங்க.

"நம்ம வண்டி எங்கடி?"

"இதுதான்க்கா."

"வெளையாடாத."

மு. நம்பர் பிளேட்டைக் காட்டினான். அக்கா ஒருமுறை சுத்தி வந்தாங்க. க்ரீம் கலர், பளபளன்னு பம்பர், புது டாஷ்போர்டு. ஸ்டியரிங் பக்கம் கதவைத் திறந்து, உள்ள கையை வச்சுப் பாத்தாங்க. உக்காரல. மெதுவா கதவைச் சாத்திட்டு டாக்டரைப் பாத்து இங்கிலீஷ்ல, அழுத்தம் திருத்தமா: காரு ரொம்ப அழகா இருக்கு, ஆனா இது எங்க காரு இல்ல.

டாக்டர் மு. பக்கம் திரும்பி, பழசு எது எதுன்னு கேட்டார். பாவிப் பய, டாக்டர் பாராட்டறாருன்னு நினைச்சுக்கிட்டான். "கூரை, எஞ்சின், பின் கண்ணாடி சார். மிச்சம் எல்லாமே புதுசு! நானே மாத்தினது!" நெஞ்சை நிமித்திக்கிட்டு சொல்றான்.

டாக்டர் ஆல்பத்தை மூடி அக்கா கையில கொடுத்தார். "அப்போ எண்பத்திரண்டாயிரம், ஸ்டெல்லா." அக்கா முன்னாடியே. கட்டைவிரல் காட்டின மனுஷன். தலையாட்டினேன். வேற என்ன செய்ய, ஷெட் வாடகை இருக்கு, மு. டிக்கெட் இருக்கு.

திரும்பி வர்றப்ப எக்ஸ்பிரஸ்வேயில நெரிசல். கிளமெண்டி வர்ற சமயத்துலதான் அக்கா, "எண்பத்திரண்டாயிரமா?"

நான் ஆரம்பிச்சேன். பெயிண்டு, இரும்பு, இங்கிலாந்துலேருந்து சாமான், கூலி. மூணு நாளா மனசுக்குள்ள பாடம் பண்ணி வச்சிருந்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"நீ பாடுபட்ட, நீ எடுத்துக்க. நான் அதக் கேக்கல. அந்த டிரைவர் சீட்டை எங்க வச்சிருக்க?"

எந்த சீட்டுன்னு கேட்டேன், தெரியாத மாதிரி.

"ஸ்ட்ரோக் வந்தப்புறம் அவரால ஓட்ட முடியல இல்ல. சாயங்காலமானா கீழ இறங்கிப் போய் வண்டியில உக்காந்துக்குவார். நான் சோத்தை டிபன்ல கீழ கொண்டு போவேன். ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு சீட்டு அப்படியே குழிஞ்சு போச்சு. இன்னிக்கு அதுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரலாம்னுதான் வந்தேன். இல்லாட்டி எனக்கு எதுக்குடி பட்டுப்புடவை."

அந்த சீட்டு வண்டி வந்த முதல் வாரமே போயிடுச்சு. ஸ்பிரிங் வெளிய வந்து, ஒரே நாத்தம். நான்தான் குப்பை லாரியில தூக்கிப் போட்டேன். துவாஸ்ல குப்பை எரிக்கற ஆலையில சாம்பலாகியிருக்கும். சொல்லியிருக்கணும்.

"தேடிப் பாக்கறேன்க்கா."

காசுக்காகத் திட்டியிருந்தா திருப்பிப் பேசியிருப்பேன்.

17 நவம்பர், ஞாயிறு

பூசைக்கு வேற சர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் என்னன்னே காதுல ஏறல.

மத்தியானம் அக்கா போன். "காணோமே, உடம்புக்கு முடியலையா? மிளகு ரசம் வச்சுக் குடி." போனை வைக்கறதுக்கு முன்னாடி, "கிடைச்சுதா?" இன்னும் இல்லக்கான்னேன்.

18 நவம்பர், திங்கள்

மு.கிட்ட சொன்னேன். யோசிச்சான். "வேற பழைய சீட் ஒண்ணு வாங்கி, ஒரு பக்கம் ஸ்பாஞ்சை வெட்டி அமுக்கிடறேன் மேடம். பழைய ரெக்சின் போட்டுத் தைச்சா அச்சு அசல். அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

ஒரு நிமிஷம் சபலம்தான். ஏன் பொய் சொல்லணும். இதே மாதிரிதானே முழுக் காரையும் பண்ணி வித்தேன். மலேசியா பக்கம் ஜொகூர்ல ஒரு பழைய சாமான் கடைக்காரனுக்கு போன் போட்டு விலை கூட விசாரிச்சேன். இருக்குன்னான். யோசிச்சு சொல்றேன்னு வச்சுட்டேன்.

அந்த அம்மா கை வச்சதுமே தெரிஞ்சிடும். பாக்கவே வேண்டாம்.

20 நவம்பர், புதன்

டெலிவரி. டாக்டர் ஓட்டிக்கிட்டே போனார், எலுமிச்சை நசுங்க. மு. கையைத் தட்டினான். அவனுக்கு டிக்கெட் போட்டாச்சு, திருச்சி, பொங்கலுக்கு முன்னாடி. காசு வந்துடுச்சு. வாடகை, ஸ்பேர் பார்ட்ஸ் கடன் போக கொஞ்சம் நிக்குது. சந்தோஷப்படணும். தூக்கம்தான் வருது.

கண்ணாடி வாங்கியாச்சு. ஃப்ரேம் பிடிக்கலையாம் சேவியருக்கு. போ.

நாளைக்குக் கண்டிப்பா அக்காகிட்ட சொல்லிடணும். போன்ல வேண்டாம், நேர்ல.

21 நவம்பர், வியாழன்

கிளம்பறதுக்கு முன்னாடியே அக்கா போன்.

"ஸ்டெல்லா, நீ அவசரப்படாத. நான் சீட்டுக்கு இடம் பண்ணிட்டேன். சோபாவை எதிர்வீட்டு மலாய்க்காரப் பொண்ணுக்குக் கொடுத்துட்டேன், அது ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்துது. ஜன்னல் பக்கம் போட்டா சரியா இருக்கும், சாயங்காலம் அங்கதான் காத்து வரும். நீ மெதுவா தேடி எடுத்துட்டு வா. அதுவரைக்கும் நான் பாயைப் போட்டு உக்காந்துக்கறேன்."

சரிக்கான்னுட்டேன்.