மாவில் பதிந்த கால்தடங்கள்

இன்று காலை கிள்ளானில் என் வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தேன். குப்பென்று எலி வாடை. உடனே உன் நினைவுதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

பிரிக்பீல்ட்ஸில் தோழிகளாக நாம் இருவரும் வாடகைக்கு இருந்த மாடிவீட்டில் சுண்டெலிகள் புகுந்தபோது, சுபாங் ஜெயாவிலிருந்த அக்கா வீட்டுக்குப் போக நான் பெட்டி கட்டிவிட்டேன். நீ வழியை மறித்து நின்றாய்.

"இரு லா. எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாப்போம். அப்புறம் பயப்படலாம்."

தரையெங்கும் கோதுமை மாவைத் தூவினாய். மறுநாள் காலையில் பொடிப்பொடியாகக் கால்தடங்கள். நான் நினைத்ததுபோல அவை அரிசி வாளிக்குப் போகவில்லை. உன் அறைக்குள் நுழைந்து, துணி அலமாரியின் கீழ் இழுப்பறையில் முடிந்தன. நின்றுபோன உன் கல்யாணத்துக்கு எடுத்த கூறைப்புடவை அதில்தான் இருந்தது. மாதக்கணக்கில் நீ அதைத் திறக்கவில்லை.

"நான் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். நானே பாக்குறேன்."

புடவையில் பாதி நார்நாராகிக் கூடாகியிருந்தது. நடுவில் கண் திறக்காத நான்கு குஞ்சுகள். நீ உடைந்துபோவாய் என்று உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். நீயோ குனிந்து கூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாய்.

"பாரேன்டி, ஜரிகைய ஒதுக்கிட்டு பட்ட மட்டும் எடுத்துருக்கு. அது குத்தும்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

நெடுநாள் கழித்து நீ சிரித்தாய். கூட்டை அட்டைப்பெட்டியில் வைத்துப் பின்சந்தில் விட்டுவந்தோம். அவை வந்த சுவர் ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து சிமெண்டு பூசினாய். மாலையில் பெட்டி காலியாக இருந்தது. "அம்மா தூக்கிட்டுப் போச்சா, காக்காவா?" என்று சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாய். மிச்சப் புடவையில் தலையணை உறை தைத்துக்கொண்டாய்.

உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். டாக்டர் திரையில் உன் ஸ்கேன் படத்தை மூடப்போனபோது, "இந்தப் பக்கம் திருப்புங்க டாக்டர், நானும் பாக்குறேன்" என்றாய். பக்கத்தில் இருந்த நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்று என் கணவர், "மருந்து வெக்கிற ஆள கூப்பிடவா?" என்றார். "கொஞ்சம் இருங்க" என்று டார்ச்சோடு அலமாரிக்குள் தலையை விட்டேன். உடம்பு கூசத்தான் செய்தது. குழாய்க்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. போன மாதம் எனக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டர் தன் அறையில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனாலும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு, "எனக்கும் காட்டுங்க" என்றேன். பித்தப்பையில் ஒரு சின்னக் கல். பார்க்க அழகாகத்தான் இருந்தது.