வலி நின்ற பல்

அக்டோபர் 26, 1999

காலையில் வாய் கொப்பளித்தபோது இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது. குழாய்த் தண்ணீர் இப்போதே ஜில்லிட ஆரம்பித்துவிட்டது. ஆர்.கே.புரத்துக்குக் குளிர் வருவதை இந்த வருஷம் என் பல் முந்திக்கொண்டு சொல்கிறது.

வலது பக்கத்துக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. இதுவும் போனால் எதை வைத்து மெல்வது?

அக்டோபர் 29

ஆபீஸில் சுஷ்மா ஒரு கிராம்பைக் கொடுத்து அடக்கிக்கொள்ளச் சொன்னாள். பல் மரத்தது, கூடவே நாக்கும். மதியம் தயிர்சாதத்தில் உப்பில்லை என்று தெரியாமலே சாப்பிட்டு முடித்தேன். சாயங்காலம் வலி திரும்ப வந்துவிட்டது. கிராம்பு வலியைப் போக்குகிறதா, இல்லை எனக்குத் தெரியாமல் மறைக்கிறதா?

நவம்பர் 4

விசித்திரம். இப்போது பச்சைத் தண்ணீர் வலிக்கவில்லை. சூடாகக் காபி குடித்தால்தான் உயிர் போகிறது. குடித்து முடித்த பிறகும் விண் விண்ணென்று நிற்காமல் தெறிக்கிறது. அப்போது ஐஸ் தண்ணீர் ஒரு வாய் வைத்துக்கொண்டால் அடங்குகிறது. போன வாரத்து எதிரி இந்த வாரத்து மருந்து.

நம்ப முடியாமல் திரும்பவும் காபி, திரும்பவும் ஐஸ் என்று செய்து பார்த்தேன். இவருக்குச் சிரிப்பு. "வலிக்குதுன்னு தெரிஞ்சே குத்திப் பார்க்கிறவ நீ ஒருத்திதான். புடுங்கிப் போட்டாப் போச்சு, அதுக்கு ஏன் ஆராய்ச்சி?" பல் அவருடையதில்லையே.

என் சிநேகிதி ஜலஜாவின் பெண் ஸ்ம்ருதி முனிர்க்காவில் பல் டாக்டர். பதினைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 9

கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். பாலும் பழமும்தான். பாலை ஆறவைத்தே குடிக்கிறேன். மலை மந்திரில் முருகன் முன்னால் நின்று, இந்த ஒரு பல்லை மட்டும் விட்டுவை என்று கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 11

தாங்க முடியலை. காது, நெற்றி எல்லாம் பல்லாயிடுச்சு. எழுத முடியலை.

நவம்பர் 14

வலி இல்லை. நேற்று சூரசம்ஹாரக் கூட்டத்தில் நிற்கும்போதுதான் கவனித்தேன். எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை. இன்று திருக்கல்யாணச் சாப்பாட்டில் கொதிக்கக் கொதிக்க சாம்பார், பிறகு ஐஸ் தண்ணீர். இரண்டுக்கும் பல் வாயைத் திறக்கவில்லை. முருகன் சூரனோடு இதையும் சேர்த்து முடித்துவிட்டான். கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஸ்ம்ருதிக்குப் போன் செய்து நாளை வரவில்லை என்றேன். "ஆன்ட்டி, சடனா நின்னுடுச்சா? ஏக் பார், ஒரே ஒரு தடவை காட்டிட்டுப் போங்களேன்" என்றாள். விரதத்தைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அப்புறம் வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 20

நேர்த்திக்கடன். கரோல் பாக் வெள்ளிக் கடையில் கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, பல் இல்லை. "பல்லுக்கு யாரும் வேண்டிக்கறதில்லைம்மா" என்றார் கடைக்காரர். முழு முகமாகவே ஒன்று வாங்கி உண்டியலில் போட்டேன்.

நவம்பர் 27

கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருக்கு. இடது பக்கம்தான். வலியே இல்லாத பல்லுக்கு இது என்ன வீக்கம்? ஜுரம் வேற. வேண்டுதல்ல என்ன குறை வெச்சேன்?

நவம்பர் 28

ஞாயிறானாலும் ஸ்ம்ருதி கிளினிக்கைத் திறந்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். பல்லின் மேல் ஐஸ் போல எதையோ வைத்து, தெரிகிறதா என்றாள். தெரியவில்லை. எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"நரம்பு வீங்கிச்சு ஆன்ட்டி. ஆனா பல்லுக்குள்ள வீங்க ஜகா எங்க இருக்கு? சுத்தி சுவர். சூடு பட்டா பிரஷர் ஜாஸ்தி, டண்டா தண்ணி வெச்சா கம்மி. லாஸ்ட்ல நரம்பு செத்துப்போச்சு. செத்தது எப்படி வலிக்கும்?"

நான் நன்றி சொன்ன நாளில் அது செத்திருக்கிறது. அதன் பிறகு சீழ் சத்தமில்லாமல் வேருக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததாம்.

பல் நிற்குமா என்று கேட்டேன். அடியில் எலும்பு கரைந்திருக்கிறது, மாத்திரையில் வீக்கம் வடிந்தால் வேர் சிகிச்சை செய்து பார்க்கலாம், இல்லாவிட்டால் எடுக்கத்தான் வேண்டும் என்றாள். பதினைந்தாம் தேதியே வந்திருந்தால் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 3

வீக்கம் வடிகிறது. கஞ்சிதான்.

டிசம்பர் 18

நாலாவது தடவையாக இன்று போனேன். வேர்களைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே சிமெண்டு பூசிவிட்டாள். பல் நிற்கும் என்றாள். ரொட்டியை இடது பக்கமே மென்றேன். உயிரில்லாத பல் எப்படி மெல்கிறது? வீடு காலியானாலும் சுவர் நிற்கிற மாதிரிதானாம்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கோபமா, நன்றியா என்று எனக்கே புரியவில்லை. பல்லை விட்டுவை என்றுதானே கேட்டேன். வலியையும் சேர்த்து விட்டுவைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 26

காலையில் இவர் சூடான காபியை ரசித்துக் குடித்துக்கொண்டே சொன்னார். "ஒரு வாரமா எனக்கும் மேல் பல்லுல வலி. உன்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன்னு சொல்லலை. நேத்து ராத்திரி தானா நின்னுடுச்சு பாரு."

காபி டம்ளரைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன். செருப்பைப் போடுங்கள் என்றேன்.