நெருப்பில்லாமல் எரிந்த கால்

அண்ணே,

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஆணி வாங்கப் போனேன். இரும்புக் கடை வாசலிலேயே எண்ணெய் மினுங்கும் புதுப் பாராங் கத்திகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நிற்க முடியவில்லை. ஆணி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

காப்பாரில் இருந்த நம் வீட்டில் உன் பாதங்கள் உன்னைப் படுத்திய பாடு! செம்பனை லோரி ஓட்டிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் எறிவாய். போர்வை உரசினாலே அலறுவாய். காற்று காலில் பட்டதற்காக மேசை விசிறியை அடித்து நொறுக்கினாய். எரிச்சல் தாங்காமல் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் காலை வைத்தாய். தோல் கொப்பளித்ததுகூட உனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு மதியம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ பாராங் கத்தியை எடுத்துவந்து பின்வாசல் படியில் காலை வைத்தாய்.

"வெட்டிப் போட்டா முடிஞ்சிச்சு லா!"

"அண்ணே, வேணாம்!"

ஓங்கிய கத்தியை வெறுங்கையால் பிடித்தேன். நீ உதைத்தாய். நான் உன் தோளைக் கடித்தேன். சிமெண்டுத் தரையெல்லாம் ரத்தம். அது என் ரத்தம் என்று கண்டதும்தான் கத்தியைப் போட்டாய்.

எனக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியிலேயே டாக்டரம்மா உன் காலையும் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். உனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தொடுறதே தெரியல, அப்புறம் ஏன் டாக்டர் இப்படி எரியுது?"

"சுகர் நரம்பைக் கெடுத்திருச்சு அங்கிள். தொட்டாச் சரியாச் சொல்லாது; சும்மா இருக்கிறப்பவும் போர்வை பட்டாலும் நெருப்பு நெருப்புன்னு கத்தும். வலி நிஜம்தான்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு நீ குலுங்கிக் குலுங்கி அழுதாய்.

நரம்புக்கான மாத்திரையைக் குறைவாகத் தொடங்கி மெல்லக் கூட்டினார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாய். நான் தினமும் உன் பாதத்தைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். எரிச்சல் முழுக்கப் போகவில்லை. ஆனால் போர்வை போர்த்தித் தூங்கினாய். மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன காலையில் இரண்டு காலும் உன்னிடமே இருந்தன.

கத்தியைப் பிடித்த அன்று என் மோதிர விரலில் அறுந்த நரம்பு சரியாகக் கூடவே இல்லை. மழை பிடித்தால் விரல் தீயாய் எரிகிறது. நீ போட்ட அதே மாத்திரைதான் எனக்கும். சில நாள் அதுவும் கேட்பதில்லை. அப்போது மேசையைக் குத்திக்கொண்டு உன்னைத் திட்டுவேன்.

"என்னாச்சுக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவருவாள்.

"ஒண்ணுமில்ல லா. எங்கண்ணன் விட்டுட்டுப் போனது."