இடது கைநாட்டு

இன்று காலை கேப்பை அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். படியில் கால் வைக்கும்போதே குங்கிலிய வாசம். வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணியோடு போடுவார்களே, அந்த வாசம் இல்லை. ஓடுகிற பெல்ட்டில் பட்டுச் சூடேறி, தோலும் எண்ணெயும் கலந்து மூக்கில் ஏறுகிற வாசம். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அது மறக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன மாதம்தான் உங்கள் தங்கை ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். மூன்று நாள் காய்ச்சலாம். தகவல் வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. நான் இருக்கும் வளவனூரிலிருந்து உங்கள் திண்டிவனம் ஒன்றும் சீமை இல்லை. நீங்கள் இருக்கும்போதே வந்து ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நீங்கள் இருந்தாலும் இதை யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். அந்த யாராவது நானாக இருந்திருக்க வேண்டும்.

சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் இருக்கும் அப்போது. எங்கு பார்த்தாலும் புதிதாக மில் எழும்பிய காலம். நம் முதலாளியும் கழனியில் பாதியை விற்று, திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில் வைத்தார். ஒரு கோடியில் ஆயில் இன்ஜின், தலைக்கு மேலே சுழலும் இரும்புத் தண்டு, அதிலிருந்து உடைக்கிற இயந்திரத்துக்கு இறங்கும் நீண்ட தோல் பெல்ட். நான் அங்கே கிளார்க். நீங்கள் இயந்திரத்தின் வாயில் மல்லாட்டை கொட்டுகிறவர். கிளியனூரிலிருந்து தங்கையைக் கூட்டி வந்து குடிசை எடுத்து, உங்கள் ஒரு கூலியில் இரண்டு பேரும் சாப்பிட்டீர்கள்.

பாரம் ஏறினால் பெல்ட் வழுக்கும். அதற்கு வைத்தியம் குங்கிலியம். இடித்த தூளை ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் வீசினால் பிடித்துக்கொள்ளும். தூள் டப்பா உங்கள் தலைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. இன்ஜின் டிரைவர் அந்தக் கோடியில், நீங்கள் இந்தக் கோடியில். வீசுகிற வேலை தானாக உங்கள் தலையில் விழுந்தது. பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்த இடத்தில் இரும்பு கிளிப்புகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடம் சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். இரண்டு ‘டக்’குக்கு நடுவே கையை நீட்டி, வீசி, இழுத்துக்கொள்வீர்கள். மில்லைப் பார்க்க வருகிறவர்களிடம் முதலாளி அதை வேடிக்கையாகக் காட்டுவார். “பாத்தீங்களா, இன்னா ஜல்தி இந்தப் பொண்ணு கை!” நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அந்த பெல்ட்டுக்கு மூடி இருந்தது. பேக்டரி இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்ட பிறகு, கம்பி வலை அடித்து முதலாளியே செய்து வாங்கியது. ஆனால் மூடியை மாட்டினால் குங்கிலியம் வீச முடியாது. ஒவ்வொரு தடவையும் இன்ஜினை நிறுத்த வேண்டும். அதனால் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். சும்மாதானே கிடக்கிறது என்று பெண்கள் அதைத் தரையில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மல்லாட்டையில் மண் சலிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு நல்ல சல்லடை அந்த மில்லில் வேறு இல்லை. “கவருமெண்டு குடுத்த சல்லடை சார் இது” என்று நீங்களே சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

வரத்து குவிந்த தை மாதத்தில் அது நடந்தது. தூசிக்காகக் கையில் பழந்துணி சுற்றியிருந்தீர்கள். பாரம் தாங்காமல் பெல்ட் விட்டு விட்டு ஓட, ‘டக்’ சத்தம் முறை தவறி விழுந்தது. துணியை கிளிப் பற்றிக்கொண்டது. நான் ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வருவதற்குள் டிரைவர் இன்ஜினை நிறுத்தியிருந்தார். நீங்கள் கத்தவில்லை. “தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னீர்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை இயந்திரத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் கட்டி, மில்லை ஓட்டினோம். மூடியை மாட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முதலாளி சொல்லச் சொல்ல விபத்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டு, மை டப்பாவோடு பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் வந்தேன். பெண்கள் என்றால் வலது கைப் பெருவிரல், ஆண்கள் என்றால் இடது கை. ஆபீஸ் வழக்கம் அது. எத்தனையோ பேரிடம் வாங்கி வாங்கி வாய் பழகிப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை விரித்தேன். மை டப்பாவைத் திறந்தேன்.

“வலது கையை நீட்டும்மா” என்றேன்.

என் காதிலேயே அது விழுவதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்.

“அது உங்க மில்லுலதான் சார் கெடக்குது. அங்கியே போயி ஒத்திக்கினு வாங்க.”

அந்த வார்டில் அன்றைக்கு நான் கூசிப்போனது போல் என் ஆயுசில் கூசியதில்லை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். நீங்கள் விடவில்லை.

“இன்னா எழுதிக்கினு வந்திருக்கீங்க? படிங்க.”

படித்தேன். தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதையால் ஏற்பட்டது.

“அஜாக்கிரதைன்னா?”

“கவனம் இல்லாம...”

“கவனம் இல்லாமியா? ரெண்டு வருசமா ஒவ்வொரு டக்கையும் எண்ணிக்கினு கையை உட்டவ நான். உங்க மில்லுல என்னைப்போல கவனமா யாரு இருந்தா?” என்றீர்கள். பிறகு குரலை இறக்கிக் கேட்டீர்கள். “அந்த எடத்துல இப்ப யாரு உக்காந்துக்கினு இருக்கா?”

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுங்க சார்.”

“உன் தங்கச்சிதான். சோத்துக்கு வேற வழி இல்லன்னு அதுவா வந்து கேட்டுச்சு.”

இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்போதுதான் அழுதீர்கள். கை போனதற்கு அழாதவர். “மூடியை மாட்டச் சொல்லுங்க சார். எனக்கு ஒண்ணும் வேணாம். அவளுக்கு ரெண்டு கையும் இருக்கட்டும்.”

கொண்டுவந்த தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: மூடி கழற்றியிருந்தது, குங்கிலியம் கையால் வீசப்பட்டது. நீங்கள் இடது கைப் பெருவிரலை வைத்தீர்கள். பழக்கமில்லாத கை, மை கொஞ்சம் இழுத்துவிட்டது. “வர்றேங்க” என்று சொல்லிக் கிளம்பினேன். அதுவரை உங்களை ‘நீ’ என்றும் ‘ஏம்மா’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

ஆனால் அந்தத் தாளை முதலாளியிடம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. “இன்னும் காய்ச்சல் விடல, கைநாட்டு வாங்க முடியல” என்று பொய் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் தங்கை உங்களைப் போலவே கையை நீட்டி நீட்டி இழுத்தாள். ஒவ்வொரு ‘டக்’குக்கும் என் பேனா நின்று நின்று ஓடியது.

இனி, சொல்லாத விஷயம். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் மூடி எப்படி மாட்டியிருக்கும் என்று ஒருமுறை என்னைக் கேட்டீர்கள். டிரைவருக்குத் தெரிந்திருக்கும் என்று மழுப்பினேன். டிரைவருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. கடலூரிலிருந்து வருகிறவர் விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். ஸ்டேஷனுக்கு எதிரே முதலாளியின் மைத்துனர் மண்டி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டரின் தலையை அங்கே பார்த்ததும் என் மேஜைக்கு போன் வரும். “மாப்பிள்ள கெளம்பிட்டாரு.” அவ்வளவுதான் பேச்சு. அவர் திண்டிவனத்தில் இறங்குவதற்குள் டிரைவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, சலிக்கிற பெண்களை விரட்டி, மூடியை மாட்டி, டப்பாவை ஒளித்து வைக்கச் சொல்வது நான்தான். நீங்கள் வந்த பிறகே மூன்று முறை செய்திருக்கிறேன். அந்த மூன்றில் ஒரு முறை நான் பேசாமல் இருந்திருந்தால் உங்கள் கை உங்களிடமே இருந்திருக்கும்.

நாலாவது போன் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வந்தது. “மாப்பிள்ள கெளம்பிட்டாரு.” சரி என்று வைத்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது இரண்டு பெண்கள் அவர் உத்தரவு போட்ட மூடியில் மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தங்கை பெல்ட்டுக்குள் கை நீட்டியிருந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அப்போதே இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

மூடியை போல்ட் போட்டு முடுக்கின பிறகுதான் மறுபடி மில் ஓடியது. குங்கிலியம் போட வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தித்தான் போடுவது என்றாயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. “உன்ன நம்பித்தானேய்யா போனை உன் மேஜையில வச்சேன்” என்றார். அன்று மாலையே கணக்குத் தீர்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அலைந்து திரிந்து, கடைசியில் வளவனூரில் ஒரு நெல் மண்டியில் எழுதப் போனேன்.

பிறகு உங்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். மறுபடி அதே மில்லில் பருப்புப் பொறுக்கப் போவதாகச் சொன்னீர்கள். “காத்தால போனதும் மொதல்ல மூடியை இந்தக் கையால ஆட்டிப் பாப்பேன் சார். ஆடலன்னாதான் ‘இன்ஜினை உடுங்க’ன்னு டிரைவர்கிட்ட சொல்வேன். என்னைக் கேக்காம அவரு இன்ஜினைத் தொடமாட்டாரு” என்று சிரித்தீர்கள். பிறகு இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், “என் தங்கச்சி கை உங்களால இருக்குது. நீங்க நல்லா இருக்கணும்” என்றீர்கள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டேன். நீங்கள் கும்பிட்ட ஆள் நான் இல்லை. அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இன்று மாவு மில்லில் மூடி சுவரில் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். மில்காரன் வெறுங்கையால் குங்கிலியம் வீசிக்கொண்டே, “கொட்டுங்க சார், ஜல்தி” என்றான். மூடியை மாட்டினால்தான் கொட்டுவேன் என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “காத்தாலியே பேஜாரு பண்றீங்களே சார்” என்றான். நான் வாளியைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. வேறு வழியில்லாமல் இன்ஜினை நிறுத்தி, துண்டை உதறி எடுத்துவிட்டு மூடியை மாட்டினான்.

பக்கத்தில் போய் இடது கையால் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

“உடுப்பா” என்றேன்.