மாசித் திதியும் ஆவணிச் சமாதியும்

பாளையங்கோட்டை
24.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்கிறீர்கள் என்று மதினி சொன்னார்கள். சந்தோஷம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷமே நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

முதலில் நல்ல செய்தி. ப்ரியா கல்யாணத்துக்கு ஜூன் ஐந்தாம் தேதி முகூர்த்தம் குறித்தாயிற்று. தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்துவர வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். இப்போதே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை ஊரில் பெரிய தாத்தா திதி நல்லபடியாக நடந்தது. நீங்கள் வர முடியாததால் உங்கள் பிள்ளை சிவகணேஷ்தான் உட்கார்ந்தான். பஞ்சகச்சத்தை அவிழாமல் பிடித்துக்கொள்ளவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பழைய இடங்களைப் பார்க்க வரும் என் வேன் கூட்டத்தை வழக்கம்போல் கூட்டிப் போனேன். ரிட்டயர் ஆன சரித்திர டீச்சருக்கு வேறு என்ன வேலை? காலையில் ஆதிச்சநல்லூர் தாழிகள், அப்புறம் கிருஷ்ணாபுரம் சிலைகள், கடைசியில் மருதங்குறிச்சியில் நம் தோப்பு. "தியாகி சங்கரலிங்கம், எங்கள் தாத்தாவுக்கு அண்ணன். 1942 ஆவணியில் ஆற்றுப்பாலத்தில் கொடி கட்ட ஏறினார், போலீஸ் சுட்டது, இங்கேயே அடக்கம் செய்தோம்" என்று பதினோரு வருஷமாகச் சொல்வதையே சொன்னேன். மேலப்பாளையத்திலிருந்து ஜுபைதா பீவி என்று ஒரு டீச்சர் வந்திருந்தாள். "நீங்க எரிக்கிற ஆளுகதானே டீச்சர்? பொறவு இவிகள மட்டும் ஏன் பொதச்சிருக்கு?" என்று கேட்டாள். மகான்களைப் புதைப்பதுதான் வழக்கம் என்று அப்பா சொல்லிவந்த பதிலை எடுத்துவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டாள். எனக்குத்தான் உறுத்தியது.

சனிக்கிழமை திதிச் சமையலுக்கு வாழைக்காய் நறுக்கும்போது பாதிக் காயில் கை நின்றுவிட்டது. அண்ணா, ஆவணியில் செத்தவருக்கு நாம் ஏன் மாசியில் திதி கொடுக்கிறோம்? இத்தனை வருஷம் அந்த அடுக்களையில் வெந்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே! வகுப்பில் தேதி கேட்டுக் கேட்டே பிள்ளைகள் உயிரை வாங்கியவள் நான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
சித்ரலேகா


சென்னை
6.3.2025

அன்புத் தங்கச்சி சித்ராவுக்கு,

ப்ரியா கல்யாணச் செய்தி படித்து உன் மதினி இரண்டு தெருவுக்குச் சொல்லிவிட்டாள். பட்டு எடுக்க அடுத்த வாரம் காஞ்சிபுரம் போகிறாள். மாமன் சீர் எப்படிச் செய்கிறேன் என்று மட்டும் பார். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளக்க வேண்டும்.

திதி விஷயம். அந்தக் காலத்தில் யாரோ மாற்றிக் குறித்திருப்பார்கள். இதற்குப் போய் வாழைக்காயை நிறுத்துவாயா? சின்ன வயதில் நல்லாப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டாய். உனக்குத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அப்பாவிடம் அடி வாங்கியது நான்.

இத்துடன் தானப் பத்திரம் வைத்திருக்கிறேன். பெரிய தாத்தாவுக்கு மணிமண்டபம் கட்ட சர்க்கார் சம்மதித்துவிட்டது. மூன்று வருஷம் நடையாய் நடந்து வாங்கியது. சமாதி இருக்கும் தோப்பின் வடபாதியை அப்பா உன் பேருக்கு எழுதியிருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். பென்சிலால் குறித்த இடங்களில் போட்டு அனுப்பு. ஆகஸ்ட் பதினைந்தில் அடிக்கல்.

வேறொன்றும் கிண்டாதே.

அன்பு அண்ணன்
தாணுமாலையன்


பாளையங்கோட்டை
23.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கிண்டிவிட்டேன்.

வைத்தி சாஸ்திரிகள் வீட்டுக்குப் போனேன். நம் வீட்டுத் திதிகளை அவர் தாத்தா எழுதிவைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. "பித்ரு காரியத்துல தாத்தா மாத்தி எழுதமாட்டார்ம்மா. தப்பான நாள்ல கொடுத்தா அவாளுக்குப் போய்ச் சேராதே" என்றார். பக்கத்தைக் காட்டினார். சங்கரலிங்கம், 1943 மாசித் தேய்பிறை தசமி, வள்ளியூரில் விஷக்காய்ச்சல். சமாதியில் கலெக்டர் மாலை வைக்க ஒரு சாவு, பிண்டம் போட ஒரு சாவு. நம் வீட்டில் ஒரே ஆள் இரண்டு தடவை செத்திருக்கிறார்!

அப்படியானால் தோப்பில் கிடப்பது யார்? ஆவணி மாதத்தில் ஆற்றுப் பக்கமாக, நம் மதில் சுவருக்கு வெளியே நின்று சூடம் கொளுத்திவிட்டுப் போவார்களே கீழத்தெருக்காரர்கள், அவர்களைத் தேடிப் போனேன். பெருமாள்ராஜ் என்று ஒரு பையன், கூடங்குளத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பது வயது இருக்கும், எனக்கு எல்லாரும் பையன்தான். நான் கேட்டதும் அவன் சிரித்தான்.

"எங்க வீட்ல சின்னப் புள்ளைக்கிக்கூட தெரியும் டீச்சர். நீங்க கேக்கல, நாங்க சொல்லல. பாலத்துல ஏறுனது எங்க பூட்டன் சொள்ளமுத்து. ஒங்க வீட்டுப் பண்ணையாளு. அன்னிக்கி போலீசு ஒங்க பெரிய தாத்தாவத் தேடிக்கிட்டு இருந்துச்சி. செத்துக் கெடக்கது அவருதான்னு சொன்னா தேடமாட்டாவன்னு, ஒங்க தாத்தா பொணத்தப் பாத்து 'எங்க அண்ணன்'னு அழுதுட்டாவ. ஒங்க ஆளு வள்ளியூர்ல ஒளிஞ்சி இருந்தாவ. எங்க ஆளுகதான் பொணத்தக் கொண்டாந்து எங்க வழமப்படி தோப்புல பொதச்சது."

"வீட்டில் யாரும் அழவில்லையா?" என்று கேட்டேன்.

"பூட்டிய அழவிடல டீச்சர். அழுதா போலீசுக்குத் தெரிஞ்சிருமே. கொழும்புக்கு ஓடிட்டான்னு சொல்லச் சொன்னாவ. ஒங்காளு செத்த பொறவாவது சொல்லுவாவன்னு பாத்தா, சொல்லல. தாலி கழுத்துல கெடக்க, புருசன் ஓடிப்போனவன்னு பேரு வாங்கிக்கிட்டு எழுவத்தாறு வயசுல செத்தா."

அவன் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். பேரு போடணும் என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

இன்று வேனில் வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். சொள்ளமுத்து பேர் கல்லில் ஏறாமல் நான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன். உங்களுக்கும் இதைக் கேட்டு அதிர்ச்சியாக இருக்கும். நாம் சேர்ந்தே சரி செய்வோம் அண்ணா.

தங்கச்சி
சித்ரலேகா


சென்னை
5.4.2025

சித்ரா,

எனக்குத் தெரியும்.

பெரிய தாத்தா திதியை அப்பா என் கையில் ஒப்படைத்த வருஷம், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திச் சொன்னார். வெளியே விடுவதில்லை என்று சத்தியம் வாங்கினார். முப்பத்திரண்டு வருஷமாகச் சுமக்கிறேன். மாசியில் நான் யாருக்கு எள்ளுத் தண்ணீர் விடுகிறேன் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்?

அது உடன்பிறந்தவனைக் காப்பாற்றத் தாத்தா சொன்ன பொய். மாலை வாங்குவதற்காகச் சொன்னது இல்லை. பிறகு சுதந்திரம் வந்தது, ஊரே மாலையோடு வந்து நின்றது. அப்போது எழுந்து நின்று 'அவர் இல்லை' என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? உனக்கு வந்திருக்குமா?

நம் ஜில்லா உனக்குத் தெரியாததா? கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பையன்கள் வெட்டிக்கொள்கிற ஊர். இதைக் கிளப்பிவிட்டால் யார் வீட்டில் இழவு விழும் என்று யோசித்தாயா? நீ வேனில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாய்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையைச் சொன்னால் ப்ரியாவுக்கு மாமன் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பு, மாலையோடு வருகிறேன்.

தாணுமாலையன்


பாளையங்கோட்டை
20.4.2025

அண்ணா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். இருபத்தாறு பேர். வேன் பத்தாமல் பின்னால் ஒரு காரும் வந்தது.

உங்களுக்குத் தெரியும் என்ற வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்து, தேடப்படுவது நீங்களாக இருந்தால், நானும் எந்தப் பிணத்தைக் கட்டிக்கொண்டும் அழுதிருப்பேன். ஆனால் அது ஆறு மாசத்துக்கு வேண்டிய பொய். எண்பது வருஷத்துக்கு இழுத்தது நாம். அதிலும் மணிமண்டபம் வேறு கேட்கிறது நமக்கு!

வெட்டு குத்து என்று என்னைப் பயம் காட்டாதீர்கள். கீழத்தெருவில் யாரும் எதையும் கிளப்பவில்லை. இத்தனை வருஷம் வாயை மூடி இருந்தவர்கள் அவர்கள். கிளப்பியது நான், உங்கள் கூடப்பிறந்தவள். யாருக்காவது கோபம் வந்தால் என் வீட்டு விலாசத்தைக் கொடுங்கள்.

அப்பாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்களிடம் சத்தியம் வாங்கினார். சமாதி இருக்கும் பாதியை என் பேரில் எழுதினார். வாயாடி என்று தெரிந்தும் எனக்கு ஏன் எழுதினார் அண்ணா? நீங்களே சொல்லுங்கள்.

பத்திரம் எழுதியாகிவிட்டது. நீங்கள் அனுப்பியது இல்லை. வடபாதி இப்போது சொள்ளமுத்து வாரிசுகள் பேரில் இருக்கிறது. ஆற்றுப் பக்கத்து மதிலை இடித்தாயிற்று. மே பதினொன்றில் கல் நடுகிறோம். 'சொள்ளமுத்து. 1942 ஆவணியில் கொடியோடு பாலத்தில் ஏறிச் சுடப்பட்டவர். கொழும்புக்கு ஓடிப்போகவில்லை.' கடைசி வரி பெருமாள்ராஜ் அம்மா கலைச்செல்வி கேட்டது. நினைவுக் கல்லுக்கு அது பொருந்தாதே என்று என் டீச்சர் புத்தியைக் காட்டினேன். "அந்த ஒரு வரிதான் டீச்சர் எங்களுக்கு. மத்ததெல்லாம் வாறவிய படிக்கதுக்கு" என்றாள்.

பெரிய தாத்தாவை நான் அழிக்கவில்லை. அவரும் ஒளிந்து கிடந்து செத்த பாவம்தான். மாசியில் நீங்கள் திதி கொடுங்கள், நான் சமைக்கிறேன்.

மாமன் இல்லை என்று எழுதியதைப் புடவைக் கடையில் வைத்து ப்ரியாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், கடைக்காரன் புடவையை மடிக்க ஆரம்பித்துவிட்டான். அவள் சொன்னாள், "எனக்கு மாமா வேணும்மா. அதுக்காக நீ வாய மூடாத." அவள் என் பெண்.

ஜூன் ஐந்து, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். வாருங்கள் அண்ணா, கெஞ்சித்தான் கேட்கிறேன். நீங்கள் வராவிட்டால் அந்த மாலையை நானே போடுவேன். பொம்பளை போடக் கூடாது என்று எவன் சொல்கிறான் என்று பார்க்கிறேன்.

சித்ரலேகா


சென்னை
9.6.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

மணிமண்டபத்துக்குக் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். காரணம் எழுதவில்லை. இதை உனக்காகச் செய்ததாக நினைக்காதே. நிலமே நம்முடையது இல்லை, அப்புறம் மனு எதற்கு?

நீ மாலை போட்டதைப் பார்த்தேன். மண்டப வாசலில், சந்தனம் கொடுக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன். ஐயர் மைக்கில் தாய்மாமனை மூன்று தடவை கூப்பிட்டார். காலை எடுத்து வைக்க முடியவில்லை. முழங்காலைச் சொல்லவில்லை. ஐயர் ஏதோ சொல்ல, நீ அவரைப் பார்த்த பார்வையில் அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர், "மாமன் செத்துட்டாரா அண்ணாச்சி?" என்று என்னிடமே கேட்டார். வெளியே வந்துவிட்டேன். ப்ரியாவிடம் இதைச் சொல்லாதே.

அன்றைக்கே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஜங்ஷன் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஆட்டோ பிடித்து மருதங்குறிச்சிக்குப் போனேன். சுவர் இல்லாமல் தோப்பு வேறு இடம்போல் இருந்தது. கல்லைப் படித்தேன். ஒரு அம்மாள் சருகு பெருக்கிக்கொண்டிருந்தாள். உன் கலைச்செல்வியாகத்தான் இருக்க வேண்டும்.

"எந்த ஊரு அண்ணாச்சி?" என்றாள்.

"மெட்ராஸ். சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

விளக்குமாற்றைச் சாத்திவிட்டு முழுக்கச் சொன்னாள். அவள் வாயிலிருந்து கேட்கும்போதுதான் பாலத்தில் ஏறிய ஆளுக்கு அன்று இருபத்துநாலு வயது என்பதே எனக்குத் தெரிந்தது. அப்பா அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நம் வீட்டை அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. "பெரிய வீட்டுக்காரவ உசிரக் காப்பாத்தச் சொன்னாவ. அது தப்பில்ல அண்ணாச்சி. பொறவும் சொல்லலய, அதான்" என்றாள்.

பிறகு ஒரு நோட்டை நீட்டினாள். "வாறவிய எல்லாரும் பேரு, ஊரு எழுதுதாவ. நீங்களும் எழுதுங்க."

பேனாவை வாங்கினேன். சென்னை என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். தாணுமாலையன், தகப்பனார் பெயர் மகேஸ்வரன், பெரிய வீடு, மருதங்குறிச்சி என்று எழுதினேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தோப்புக்குள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டு, "இருங்க" என்றாள்.

நான் உட்காரவில்லை, கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

அண்ணன்