உப்புப் பூத்த நிலம்

என்னங்க,

நிலம் விலைபோகவில்லை. வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். மாமா சொன்னபடி, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பையெல்லாம் முதல் நாளே துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டேன். வாய்க்கால் பாசனம் வந்ததிலிருந்து அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறிக்கொண்டே வருவதைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. இதை விற்றால்தான் நாங்கள் உங்களிடம் வர முடியும் என்று எனக்கும் தெரியும்.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, "இங்க மாதுளை வருமாம்மா? காலமெல்லாம் வண்டி ஓட்டிட்டாரு. இனி மர நிழல்ல உட்காரணும்னு ஆசைப்படுறாரு" என்றார்.

நான் அங்கேயே மண்வெட்டியை எடுத்து வெட்டினேன். முழங்கால் ஆழத்திலேயே நீர் ஊறியது.

"அடேங்கப்பா, இவ்வளவு மேலயே தண்ணியா!" என்று ஓட்டுநர் மகிழ்ந்துபோய் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். உடனே துப்பினார். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

மாமா திட்டவில்லை. "இனிமே இந்த மண்ணு நம்மளை விடாதும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பெட்டியில் அடுக்கியிருந்த பிள்ளைகளின் துணிகளை இன்று காலை எடுத்து அலமாரியில் வைத்தேன். பெரியவள் ஏன் என்று கேட்டாள். "கசங்கிடும்டி" என்றேன். அங்கே எங்களுக்காகப் பேசி வைத்திருக்கும் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி